ரிச்சி தெருவில் 16 ஜிபி

என் தங்கை கட்டடக் கலைஞர்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து கொடுக்கிறாள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்ககத்தை, பால்கனித் துளசிமாடம், வாசலில் கார், சாய்ந்த மாலை வெயில் எல்லாம் சேர்த்து, முன்பணம் கட்டப் போகிறவர் நம்பும்படி காட்டும் வேலை. பிளெண்டரில் காட்சியை அமைத்து ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுப்பாள். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். நினைவகம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி. மரத்துக்கு மரம் இலைகள், சுவருக்குச் சுவர் 4கே படங்கள் என்று அடுக்கினால் 8 ஜிபி கார்டு எவ்வளவுதான் தாங்கும்? காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கணினியின் ரேமைக் கடன் வாங்கி ஊர்ந்துபோகும், இல்லையென்றால் நின்றேவிடும். "ஸ்பீடு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லண்ணா, 16 ஜிபிக்குக் கீழ வேண்டாம்" என்று சொல்லித்தான் என்னையும் ரிச்சி தெருவுக்கு இழுத்து வந்திருந்தாள்.

16 ஜிபியில் புதுக் கார்டே கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ இரண்டிலும் 16 ஜிபி வகை உண்டு, வாரண்டியோடு வாங்கலாம். சாதாரண கேபினெட், ஒரே ஒரு கார்டு போதும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். தங்கையின் கணக்கு வேறு. அவளிடம் இருப்பது ஏதோ ஒரு நிறுவனம் லீஸ் முடிந்து கழித்துவிட்ட ஒர்க்ஸ்டேஷன். அதில் இரண்டு கார்டுகளைச் செருகி, ஒற்றைப்படை ஃப்ரேம்களை ஒன்றும் இரட்டைப்படை ஃப்ரேம்களை இன்னொன்றும் முடிக்க வேண்டும் என்பது திட்டம். விளையாட்டுக்கான கார்டுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட், அதற்கு மேலும் அடைக்கும். சூட்டைப் பெட்டிக்குள்ளேயே ஊதும். 2021இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ4000 அப்படியில்லை. 16 ஜிபி, ஒரே ஸ்லாட் கனம், 140 வாட், ஆறு பின் மின்இணைப்பு ஒன்று போதும், சூடான காற்று பின்பக்கமாக வெளியே போய்விடும். அலுவலகப் பெட்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த கார்டு. புதிதாக வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களை மொத்தமாக மாற்றும்போது அது இந்தத் தெருவுக்கு வந்து சேர்கிறது.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் வழக்கமான வரவேற்பு. "லேப்டாப்பா, சிசிடிவியா, ப்ரிண்டரா, என்ன சார் பாக்கறீங்க?" கேட்பவர்கள் கடைக்காரர்கள் அல்ல, நம்மைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டுத் தங்கள் பங்கைப் பெறுகிறவர்கள். அவர்களோடு போனால் அந்தப் பங்கும் விலையில் ஏறும். தங்கை யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்தாள். தரைத்தளக் கடைகளில் கேபிள், சார்ஜர், கேமரா. நாம் தேடும் சரக்கு பெரும்பாலும் குறுகிய படிக்கட்டுகளுக்கு மேலே, சர்வீஸ் செய்கிற இடங்களில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரும்பாலான ஷட்டர்களைத்தான் பார்க்கலாம்.

முதல் கடையில் "ஏ4000 இருக்கா?" என்று அவள் கேட்டாள். "குவாட்ரோ தானே? இருக்கு சார்" என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்து. அன்று போன இடமெல்லாம் இதுவே நடந்தது: கேள்வி அவளுடையது, பதில் எனக்கு. எடுத்து வைத்தது குவாட்ரோ பி4000. நல்ல கார்டுதான், ஆனால் 2017ஆம் ஆண்டின் கார்டு, 8 ஜிபி. "எல்லாம் 4000 தான் சார், ஒரே கேட்டகிரி."

இந்த 4000 என்ற எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம். 2010இல் வந்த குவாட்ரோ 4000இல் 2 ஜிபி. 2013இன் கே4000இல் 3 ஜிபி. 2015இன் எம்4000, 2017இன் பி4000, 2018இன் குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000 மூன்றிலும் 8 ஜிபி. 2021இன் ஆர்டிஎக்ஸ் ஏ4000இல் 16. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4000 ஏடாவில் 20. 2025இன் ஆர்டிஎக்ஸ் ப்ரோ 4000 பிளாக்வெல்லில் 24. குவாட்ரோ என்ற பெயரை என்விடியா 2020லேயே கைவிட்டது. தெருவில் இன்றும் எல்லாமே குவாட்ரோ. நடுவில் இருக்கும் ஓர் எழுத்து மாறினால் பத்து வருடம் பின்னால் போய்விடலாம். கடையில் வாயால் கேட்பதைவிட, முழுப் பெயரையும் நினைவக அளவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுவது உத்தமம்.

பி4000ஐ மறுக்க இன்னொரு காரணமும் இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த தன் குடா மென்பொருள் தளத்தின் 13ஆம் பதிப்போடு மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைகளை என்விடியா கழற்றிவிட்டது. பெயரில் எம், பி, வி என்று தொடங்கும் தொழில்முறைக் கார்டுகளில் பெரும்பாலானவை அதில் அடக்கம். இன்றைக்கு ஓடும் மென்பொருள் நாளையே நின்றுவிடாது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் புதுப் பதிப்புகள் ஒவ்வொன்றாக அந்தக் கார்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் தனிப் பகுதியும் 2018இன் ட்யூரிங் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ரெண்டரிங்குக்கு அது பெரிய வித்தியாசம். எனவே தங்கையின் தாளில் 2018க்கு முந்தைய எதுவும் இல்லை. வரைபட வேலைக்கு, இரண்டு மூன்று திரை ஓட்டுவதற்கு பி4000 இன்னும் உழைக்கும். அதற்கு அந்த விலை சரி.

அடுத்த கடையில் கல்லூரிப் பையன் ஒருவன் டெஸ்லா பி40 ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட வேண்டுமாம். 24 ஜிபி, சல்லிசான விலை. ஆசை வராமல் இருக்காது. ஆனால் அது சர்வருக்குள் வாழப் பிறந்த கார்டு. மின்விசிறியே கிடையாது, சர்வர் பெட்டியின் பலத்த காற்றை நம்பி 250 வாட் சூட்டை விடும். திரையைச் செருக ஓட்டையும் கிடையாது. மின்இணைப்பு எட்டு பின்தான், ஆனால் வழக்கமான கிராபிக்ஸ் கார்டு இணைப்பு அல்ல, மதர்போர்டில் பிராசஸருக்குச் செருகுகிற வகை. தவறான வயரைத் திணித்தால் கார்டும் போகும், பவர் சப்ளையும் போகும். பயாஸில் 4ஜி டீகோடிங் என்ற வசதியைத் திறக்க வேண்டும். பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அது இருக்காது. அரைத் துல்லியக் கணக்கில் அது மிக மெதுவாக நகரும் என்பதும் சேர்த்தி. தங்கை இவ்வளவையும் அவனிடம் சொன்னாள். அவன் "தெரியும்க்கா, 3டி ப்ரிண்ட்ல ஃபேன் டக்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்றான். அப்படிப்பட்டவனுக்கு அது சரியான கார்டுதான். கடைக்காரர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

எங்கள் கார்டு கிடைத்தது இரண்டாம் மாடியில். ஒரு அறை, நீள மேசை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாடை, மூடியே இல்லாமல் திறந்து கிடக்கும் ஒரு கணினி. அதுதான் டெஸ்ட் பெஞ்ச். "கம்பெனி லாட் சார், வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. மைனிங் மால் கிடையாது." ஏ4000கள் ஒரு அட்டைப்பெட்டியில், நுரைத்தாள் சுற்றி அடுக்கியிருந்தன.

மைனிங் பற்றி அவரே பேச்சை எடுத்தது எனக்குப் பிடித்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவும் பகலும் நாணயம் தோண்டிய கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போனது, சந்தைக்கு வந்தன. குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் ஏ4000ஐயும் அதற்கு நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். மைனிங்கில் ஓடிய சிப் செத்துப்போயிருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரே சீரான சூட்டில் இருப்பது சிப்புக்குப் பெரிய தண்டனை அல்ல. தேய்வது மின்விசிறியின் பேரிங். காய்வது நினைவகச் சிப்களின் மேல் ஒட்டிய தெர்மல் பேட். ஹார்டு டிஸ்க்கில் மொத்தம் ஓடிய மணிநேரம் பதிவாகியிருக்கும், யாரும் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டில் வாங்குபவர் பார்க்கும்படி அப்படி ஒரு கணக்கு இல்லை. கார்டின் வயதை வேறு வழிகளில்தான் கறக்க வேண்டும்.

தங்கை முதலில் கண்ணால் பார்த்தாள். பின்பக்கத் திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா. தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஓரங்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா. கசிந்திருந்தால் தெர்மல் பேட் வெந்திருக்கிறது. செருகும் தங்கப்பட்டைகளில் கீறல், அவற்றை ஒட்டிய சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்களில் ஏதாவது உதிர்ந்திருக்கிறதா. சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் கறை தெரிந்தாலோ அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிப் பளபளத்தாலோ ஹீட் கன் காட்டி உயிர் கொடுத்த கார்டு என்று அர்த்தம். அது கடையில் ஓடும், வீட்டில் சில வாரம் ஓடும், அப்புறம் ஓடாது.

"ரீஃபர்பிஷ்டுன்னு போட்டிருக்கீங்களே, என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள். கடைக்காரர் முதல் முறையாக அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். தூசி எடுத்தோம், ஃபேன் எடுத்துச் சுத்தம் பண்ணோம், பேஸ்ட் மாத்தினோம், பேடு மாத்தலை. இந்தக் கேள்வியை எல்லாக் கடையிலும் கேளுங்கள். பாதி இடங்களில் ரீஃபர்பிஷ்டு என்றால் துணியால் துடைத்தது என்றுதான் பொருள்.

பிறகு பெஞ்ச். கார்டில் எச்டிஎம்ஐ கிடையாது, நான்கும் டிஸ்ப்ளேபோர்ட். கடைத்திரைக்கு மாற்றி வேண்டும். அவளே பையில் கொண்டுவந்திருந்தாள். விண்டோஸ் எழுந்ததும் ஜிபியு-இசட். பழைய ஜிடிஎஸ் 450 சிப்பின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கூத்தெல்லாம் நடந்தபின், 2018இலிருந்து இந்த மென்பொருள் போலி என்விடியா கார்டுகளின் பெயருக்கு முன்னால் போலி என்றே எழுதிக் காட்டுகிறது. எங்களுடையதில் சிப் ஜிஏ104, நினைவகம் 16 ஜிபி, எல்லாம் பொருந்தியது.

அதே திரையில் பஸ் இன்டர்ஃபேஸ் என்று ஒரு கட்டம் உண்டு. கார்டு சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திக் கொஞ்சம் வேலை கொடுத்தால்தான் உண்மை தெரியும். முதல் கார்டு 16 லேன். இரண்டாவது கார்டு 8 லேனில் நின்றது. கடைப்பையன் பென்சில் ரப்பரால் தங்கப்பட்டையைத் தேய்த்து மறுபடி செருகினான். 8 தான். "ஸ்லாட் பிரச்சினையா இருக்கும்க்கா" என்றான். முதல் கார்டை அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகச் சொன்னாள், 16 காட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பட்டைக்கு மேலே ஒரு கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. "எட்டுல ஓடினாலும் ரெண்டருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ரேட்டு கம்மி பண்ணித் தரேன்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யல்ல. காட்சி ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் லேன் எண்ணிக்கை பெரிதாகப் பாதிக்காது. ஆனால் ஒரு பாகம் உதிரும் அளவுக்கு அடிபட்ட கார்டில் வேறென்ன விரிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கார்டைத் தள்ளி வைத்துவிட்டு பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தோம்.

தொழில்முறைக் கார்டு வாங்குவதில் உள்ள பெரிய லாபம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. என்விடியா டிரைவரோடு சேர்ந்தே வரும் எஸ்எம்ஐ என்ற சின்ன நிரல், கறுப்புத் திரையில் ஒற்றைக் கட்டளை. விளையாட்டுக் கார்டில் சீரியல் எண் என்ற இடத்தில் வெறுமையைத்தான் காட்டும். தொழில்முறைக் கார்டு தன் எண்ணைத் தானே சொல்லும். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் ஓர் உடம்புக்கு வேறொரு மேலட்டையைப் போட்டிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே ஈசிசி கணக்கு. நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு இது. நாள் கணக்கில் ஓடும் அறிவியல் கணக்குகளுக்கும் பொறியியல் சோதனைகளுக்கும் இதற்காகத்தான் இந்தக் கார்டுகளைத் தேடுகிறார்கள். படம் வரைகிறவளுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் பழைய கார்டு வாங்குகிறவளுக்கு அது சாட்சி. இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று கணினியை அணைத்தால் அழிந்துவிடும். அக்ரிகேட் என்ற மற்றொன்று நிலைத்து நிற்கும். அதில் திருத்த முடியாத பிழைகள் என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஏ4000 சேர்ந்த ஆம்பியர் தலைமுறையில் கெட்டுப்போன நினைவக வரிசைகளுக்குப் பதில் உதிரி வரிசைகளை மாற்றிவைத்த எண்ணிக்கையும் தெரியும். ஈசிசி அணைந்திருந்தால் எண்ணிக்கை சேராது. எனவே அதை முதலில் முடுக்கி, கணினியை மறுபடி எழுப்பி, அப்புறம் நினைவகச் சோதனையை ஓட்ட வேண்டும். முடுக்கியதும் மொத்த நினைவகம் கொஞ்சம் குறைந்து தெரியும். பயப்பட வேண்டாம், பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கிய இடம் அது. வீட்டுக்குப் போய் வேண்டுமானால் அணைத்துக்கொள்ளலாம்.

மெம்டெஸ்ட் வல்கன் ஒரு சுற்று ஓடியது. அது முடிந்ததும் தங்கை தன் பென் டிரைவைச் செருகினாள். பாதி ராத்திரியில் நின்றுபோன அதே அடுக்ககக் காட்சி. பெஞ்ச்மார்க் மென்பொருள் எத்தனை ஓட்டினாலும் நம் வேலையை நம் கார்டு செய்கிறதா என்பதை நம் கோப்புதான் சொல்லும். காட்சி ஏறியது. நினைவகம் 11 ஜிபியைத் தாண்டி நின்றது. பழைய கார்டு ஏன் திணறியது என்பதும் விளங்கியது. ஒற்றை ஸ்லாட் கார்டின் சின்ன மின்விசிறி போட்ட இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. சூடு 80 டிகிரியைக் கடந்தும் ஏறியது. ஏ4000 இயல்பாகவே சூடாக ஓடும் கார்டு. அந்த எண்ணைக் கண்டு திரும்பிவர வேண்டியதில்லை. ஏறிய சூடு ஓரிடத்தில் நிற்கிறதா, சூட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று எஸ்எம்ஐ எழுதுகிறதா என்பதுதான் கேள்வி. முதல் கார்டு அப்படி எழுதவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த மற்றது கொஞ்ச நேரத்தில் எழுதியது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அதைக் கழற்றி, பேடு மாற்றி, பேஸ்ட் வைத்து மூடச் சொன்னார். டீ வந்தது. மறுபடி ஓட்டியபோது சூடு இறங்கி ஓரிடத்தில் நின்றது.

இந்த நேரமெல்லாம் அவர் எங்களை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. தெருவில் வேறு ஒரு கடையில், பெயர் வேண்டாம், "ஓடுது பாருங்க, ஃபேன் சுத்துது, அப்புறம் என்ன?" என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கே விலை குறைவுதான்.

விலை பேசும் படலம் வழக்கம்போல. "ரெண்டு போட்டா 32 ஜிபி ஆயிடும் சார், அந்த ரேட்டுக்கு எங்க கிடைக்கும்?" என்று பையன் ஒரு போடு போட்டான். இந்தக் கார்டில் என்விலிங்க் இல்லை. நினைவகம் இரண்டும் சேர்ந்து ஒன்றாகாது, 16ம் 16ம் தனித்தனி 16தான். ஏ5000, ஏ6000 என்றால் அந்த இணைப்பு உண்டு, விலையும் அதற்கேற்ப. தங்கை சிரித்துவிட்டு விட்டாள். விலையை இங்கே எழுதாமல் விடுகிறேன். டாலர், வரத்து, எந்த நிறுவனம் எந்த வாரம் பெட்டியைக் கழிக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். அதே நாளில் புது 16 ஜிபி விளையாட்டுக் கார்டின் விலையைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் படியேறுங்கள். பழையது அதைவிடக் கணிசமாகக் குறையாவிட்டால், இரண்டு ஸ்லாட் இடம் இருப்பவர்கள் இறங்கி வந்துவிடலாம்.

"பில் வேணும்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும்." சேரட்டும். ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி என்று வாயால் சொன்னதை, பில்லில் இரண்டு கார்டின் சீரியல் எண்ணோடும் எழுதி வாங்கினாள். எழுதாத வாரண்டிக்கு அந்தப் படிக்கட்டின் கடைசிப் படிவரைதான் ஆயுள். கார்டில் எச்பி, டெல் போன்ற பெயர் இருந்தால் அசல் வாரண்டி அந்த இயந்திரத்தோடு போயிருக்கும். கார்டைத் தனியாகக் கொண்டுபோனால் அங்கே கேட்க மாட்டார்கள்.

2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன; புதுப்பித்து விற்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. ஆனால் கார்டை வாங்குகிறவருக்கு என்ன தாள் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைகளே முடிவு செய்துகொள்கின்றன. ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எஸ்எம்ஐ அறிக்கை உங்கள் பெஞ்சிலேயே நொடியில் வந்துவிடுகிறது, ப்ரிண்டரும் கீழ்க்கடையில் விற்கிறீர்கள். சீரியல் எண், ஈசிசி கணக்கு, லேன் எண்ணிக்கை, முழு வேலையில் நின்ற சூடு இந்த நான்கையும் ஒரு தாளில் அச்சடித்து, பில்லோடு பின் அடித்துக் கொடுங்கள். அதைக் கொடுக்கிற கடைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது.